அரியர் யாருடைய பாக்கி?

அரியர் என்கிற ஒரே சொல் இரண்டு வீட்டுக்குள் இரண்டு விதமாக நுழைகிறது. அகவிலைப்படி உயர்ந்து அரசு ஊழியருக்கு அரியர் வந்தால் அன்றைக்கு அந்த வீட்டில் கறிக்குழம்பு. அரசாங்கம் வைத்திருந்த பாக்கியை அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. நம் வீட்டுப் பையனுக்கு அரியர் விழுந்தால் அவன் பின்வாசல் வழியாக வருகிறான். அவன் பல்கலைக்கழகத்துக்குப் பாக்கி வைத்திருக்கிறானாம். இரண்டும் பாக்கிதான். யார் யாருக்கு வைத்த பாக்கி என்பதில்தான் நமக்குச் சண்டை.

இப்போது எல்லோரும் நம் பிள்ளைகளுக்கு ஒரு புத்திமதி வைத்திருக்கிறார்கள். "காலத்துக்குள் படிப்பை முடித்துவிடு." கல்லூரி விழாவுக்கு வருகிற அதிகாரி சொல்கிறார். சால்வை போர்த்திக்கொள்கிற எம்.எல்.ஏ. சொல்கிறார். வேலைவாய்ப்பு முகாமில் டை கட்டினவர் சொல்கிறார். நல்ல புத்திமதிதான். இந்தக் கட்டுரையும் கடைசியில் அதைத்தான் சொல்லப்போகிறது. ஆனால் மேடையில் நிற்கிறவர்கள் முதலில் தங்கள் பாக்கியைத் தீர்த்துவிட்டு வரட்டும்.

"எத்தன அரியர்ல வச்சிருக்க?" ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டில் கல்லூரிப் பையனைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. என்ன படிக்கிறாய் என்பது அதற்குப் பெறவுதான். மூணு, ஆறு, ஒம்பது என்று அவனும் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுகிறான். சினிமாவில் அரியர் ஒரு காமெடி. இருபது பேப்பர் பாக்கி வைத்த கதாநாயகன் இடைவேளைக்கு மேல் பெரிய ஆளாகிவிடுவான். அவனுக்குத் திரும்பிப்போக அப்பன் வீடு இருக்கிறது, நிலம் இருக்கிறது, மாமன் கடை இருக்கிறது. நம் பையனுக்கு வாழைத்தார்தான் இருக்கிறது.

பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் லீவு நாளில் வாழைத்தார் சுமப்பதை 2024இல் 'வாழை' படத்தில் மாரி செல்வராஜ் காட்டினார். இந்தப் பக்கத்துப் புளியங்குளத்துக்காரர். தியேட்டரில் ஜனங்கள் அழுதார்கள். அந்தப் பிள்ளை கல்லூரி வாசலை மிதித்த பிறகும் தலையிலிருந்து தார் இறங்குவதில்லை என்று அழுதவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பகலில் வகுப்பு, ராத்திரி லோடு. சனி, ஞாயிறு கல்யாண வீட்டில் பந்தி பரிமாறப் போக வேண்டும், இல்லையென்றால் பெயிண்ட் அடிக்க. உப்பளச் சீசனில் அம்மாவோடு உப்பளத்துக்கு. இதற்கு நடுவில் ஆறு செமஸ்டர். செமஸ்டருக்கு ஐந்தாறு பேப்பர். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன். வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அவன் ஒரு பேப்பரில் விழுந்தால் உடனே தீர்ப்பு தயாராக இருக்கிறது: "அவனுவளுக்குப் படிப்பு ஏறாது."

ஸ்ரீவைகுண்டம் குமரகுருபரர் பிறந்த ஊர். ஐந்து வயசு வரைக்கும் அந்தப் பிள்ளை வாய் பேசவில்லை என்றும், திருச்செந்தூரில் முருகன் அருளால் பேசினது என்றும் கதை. பிள்ளைமார் வீட்டுப் பிள்ளை ஐந்து வருஷம் தாமதமாகப் பேசினால் அது தெய்வ அருள். சேரிப்பிள்ளை ஐந்து மாசம் தாமதமாகப் பாஸானால் அது பிறவிக் குணம். தாமதத்துக்குக்கூட இந்த நாட்டில் சாதி இருக்கிறது.

சரி, பாக்கிக் கணக்கைப் பார்ப்போம்.

தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மேற்படிப்புக்குப் பணம் தர வேண்டியது அரசாங்கத்தின் கடமை என்று 1942 அக்டோபரில் வைஸ்ராய் லின்லித்கோவுக்கு மனு எழுதிக் கொடுத்துச் சண்டை போட்டவர் டாக்டர் அம்பேத்கர். 1944இல் உதவித்தொகை தொடங்கியது. இன்றைக்கு போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப் என்று சொல்வது அதைத்தான். அது தர்மம் இல்லை, வாதாடி வாங்கினது. பணம் வராமல் படிப்பு நின்றால் என்ன ஆகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1917இல் லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது பரோடா சமஸ்தானத்தின் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. ஆய்வேட்டைப் பாதியில் விட்டுவிட்டுக் கப்பலேறினார். நாலு வருஷத்துக்குள் திரும்பி வந்து முடிக்கலாம் என்று பல்கலைக்கழகத்தில் அனுமதி வாங்கி வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பாடம் நடத்திச் சம்பளத்தை மிச்சம் பிடித்தார். கோலாப்பூர் சாகு மகாராஜா கொஞ்சம் கொடுத்தார். பார்சி நண்பர் நவல் பத்தேனாவிடம் கடன் வாங்கினார். 1920இல் திரும்பிப் போனார். 1921இல் எம்.எஸ்ஸி., 1923இல் டி.எஸ்ஸி. அம்பேத்கர் படிப்பில் விழுந்த இந்த மூன்று வருஷத் துண்டுக்கு யாருடைய மூளை காரணம்? பணம் நின்றது, படிப்பு நின்றது. இதில் புரியாதது ஒன்றுமில்லை.

நூறு வருஷம் கழித்தும் அதே கணக்குதான் ஓடுகிறது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோஹித் வெமுலா செத்தபோது அவருக்கு ஏழு மாத ஆய்வு உதவித்தொகை வர வேண்டியிருந்தது. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய். சாகப்போகிறவன் கடைசிக் கடிதத்தில் அந்தக் கணக்கையும் எழுதி வைத்துவிட்டுப் போனான். அந்த அரியரைப் பற்றி எந்த மேடையில் புத்திமதி சொன்னார்கள்?

2017-18 முதல் 2019-20 வரை போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு மத்திய அரசு நாடு முழுவதற்கும் சேர்த்து வருஷத்துக்குச் சுமார் 1,100 கோடிதான் கொடுத்ததாக அதன் அறிவிப்பே சொன்னது. சுமையை மாநிலங்கள் தலையில் தள்ளினார்கள். கூச்சல் போட்ட பிறகு 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஐந்து வருஷத்துக்கு 59,048 கோடிக்கு ஒப்புதல் தந்தது. அறுபது பங்கு மத்திய அரசு, நாற்பது பங்கு மாநில அரசு. வருஷத்துக்கு 1,100 கோடி இனி 6,000 கோடி ஆகும், ஐந்து மடங்குக்கு மேல் என்று அவர்களே பெருமையாக அறிவித்தார்கள். ஐந்து மடங்கு கூட்ட முடிகிறது என்றால் அதற்கு முன்னால் எவ்வளவு பாக்கி வைத்திருந்தார்கள் என்று நாம் கணக்குப் போடக் கூடாதா?

அந்தப் பணமும் காலத்தில் வருகிறதா? தாமிரபரணியின் எட்டாவது அணைக்கட்டு, கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறது. கடைமடை என்றால் என்ன என்று இந்த ஊர்க்காரனுக்கு விளக்க வேண்டாம். மேலே எல்லோரும் பாய்ச்சின பிறகுதான் நம் வயலுக்கு. பயிர் கருகினதுக்கு அப்புறம் வருகிற தண்ணீரை வைத்து என்ன செய்ய? ஜூனில் கல்லூரி திறக்கிறது. பீஸ் ஜூலையில் கேட்கிறான். உதவித்தொகை வருஷக் கடைசியில் வருகிறது, சில பேருக்கு அடுத்த வருஷமும் ஆகிறது. முன்பணம் வாங்காமலே சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஃப்ரீஷிப் கார்டு ஏற்பாட்டை 2021 விதிமுறையே சொல்கிறது. விதி காகிதத்தில் இருக்கிறது. கவுன்டரில் இருக்கிறவர், "மொதல்ல கட்டு, வந்ததும் எடுத்துக்க" என்கிறார். அம்மா மகளிர் குழுவில் கடன் வாங்குகிறாள். வாராவாரம் தவணை. தவணைக்காகப் பையன் லோடுக்குப் போகிறான். லோடுக்குப் போனதால் வருகைப்பதிவு குறைகிறது. வருகைப்பதிவு குறைந்ததால் தேர்வு எழுதவிட மாட்டேன் என்கிறார்கள். அரியர் எங்கே பிறக்கிறது என்று இப்போது தெரிகிறதா? பரீட்சை ஹாலில் இல்லை. கருவூலத்தில் பிறக்கிறது.

உதவிபெறும் கல்லூரி என்று போர்டு இருக்கும். உள்ளே போனால் பாதி வகுப்பு சுயநிதிப் பிரிவு. அரசுக் கல்லூரி என்றால் வாத்தியார் இல்லை. 2024 மார்ச்சில் ஆசிரியர் தேர்வு வாரியம் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. நாலாயிரம் நாற்காலி காலியாகக் கிடந்திருக்கிறது என்று அர்த்தம். தொகுப்பூதியத்துக்குக் கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டினார்கள். பேரில் மட்டும்தான் கௌரவம். பாடம் நடத்த ஆளில்லாத வகுப்பில் உட்கார்ந்திருந்தவனைப் பெயிலாக்கிவிட்டு, அவனிடமே மறுபடி எழுதப் பணம் வாங்குகிறார்கள். விடைத்தாள் நகலுக்குப் பணம், மறுமதிப்பீட்டுக்குப் பணம், தேதி தப்பினால் அபராதம்.

இன்னொன்றும் இருக்கிறது. நூற்றுக்கு இருபத்தைந்து மார்க் உள்மதிப்பீடு. அது வாத்தியார் கையில். சாதிப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே இல்லை. ஒரு பேனா போதும். ஆங்கிலம் புரியாமல் முழிக்கிறவனைப் பார்த்து வகுப்பே சிரிப்பதை 2018இல் 'பரியேறும் பெருமாள்' காட்டியது. கோட்டாவில் வந்தவன் என்ற சிரிப்பு அது. அந்தச் சிரிப்புக்குப் பயந்து வகுப்புக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருப்பவனைத்தான் ஊதாரி என்கிறோம்.

பஸ் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. காலத்தில் படிப்பை முடி என்கிறார்களே, காலத்தில் பரீட்சைக்குப் போன பிள்ளைக்கு என்ன நடந்தது? 2025 மார்ச் 10ஆம் தேதி காலை, ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினொன்றாம் வகுப்பு தலித் மாணவன் ஒருவன் பாளையங்கோட்டைக்குப் பரீட்சை எழுத பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தான். வழியில் பஸ்ஸை மறித்து, அவனை இறக்கி வெட்டினார்கள். கைவிரல்களைத் துண்டித்தார்கள். கபடியில் தோற்றவர்களின் ஆத்திரம் என்று குடும்பத்தார் சொன்னார்கள். பேனா பிடிக்கிற பிள்ளையின் விரலைத் தேடிப் பார்த்து வெட்டுகிற ஆத்திரம் கபடியோடு நிற்கிற ஆத்திரமா? அதற்கு ஒன்றரை வருஷம் முன்னால், 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் வெட்டினார்கள். கூடப் படிக்கிறவர்களின் கொடுமை தாங்காமல் பள்ளிக்கூடம் போகாமல் இருந்தவன், ஆசிரியர் கேட்டபோது உண்மையைச் சொன்னான். அதுதான் அவன் செய்த குற்றம். நீதிபதி சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. அதே வருஷம் அந்த மாணவன் பன்னிரண்டாம் வகுப்பில் 469 மார்க் வாங்கினான். அரசாங்கம் அறிக்கை எழுதி முடிப்பதற்குள் அவன் பரீட்சை எழுதி முடித்துவிட்டான்.

நம் படிப்பின் மேல் அவர்களுக்கு இருக்கிற கண் இன்றைக்கு நேற்று வந்ததில்லை. 1995 ஆகஸ்ட் 31ஆம் தேதி இதே மாவட்டத்தில் கொடியன்குளத்துக்குள் நூற்றுக்கணக்கான போலீஸ்காரர்கள் புகுந்தார்கள். டிவியை உடைத்தார்கள், தையல் மெஷினை உடைத்தார்கள், கிணற்றில் விஷம் கலந்தார்கள். பாஸ்போர்ட்டையும் படித்த இளைஞர்களின் சர்டிபிகேட்டையும் குவித்துத் தீ வைத்தார்கள். கலவரத்தை அடக்கப் போன போலீசுக்கு டிகிரி சர்டிபிகேட்டோடு என்ன சோலி? நமக்குக் காகிதம்தானே என்று தோன்றுவது அவர்களுக்கு ஆயுதமாகத் தெரிந்திருக்கிறது. அதனுடைய மதிப்பை நம்மைவிட அவர்கள் நன்றாகப் புரிந்து வைத்திருந்தார்கள்.

இன்றைக்குத் தீ வைக்கத் தேவையில்லை. பீரோவில் வைத்துப் பூட்டினாலே போதும். பீஸ் பாக்கி என்று சொல்லி டி.சி.யையும் மார்க் ஷீட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிற கல்லூரிகள் இருக்கின்றன. சான்றிதழ் என்பது அடகு பிடிக்கிற பொருள் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் பலமுறை சொல்லியாகிவிட்டது. அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே அறிவிப்பு போட்டிருக்கிறது. ஆனால் கூலிக்காரன் கோர்ட்டுக்குப் போவானா, வேலைக்குப் போவானா?

காலத்தில் முடித்தவன் கதையையும் கேளுங்கள். பட்டமளிப்பு விழாவுக்கு ஆளுநர் தேதி தராததால் 9 லட்சத்து 29 ஆயிரம் பேர் பட்டம் வாங்க முடியாமல் நிற்கிறார்கள் என்று 2023 ஜூனில் அன்றைய உயர்கல்வி அமைச்சரே சொன்னார். ஆளுநருக்கும் அரசுக்கும் சண்டை. இரண்டு யானைகள் சண்டை போட்டதில் மிதிபட்ட புல் யார்?

கேட்டால் கருணை காட்டுவார்கள். கொரோனா காலத்தில், 2020 ஆகஸ்டில், பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தால் போதும், அரியர் எல்லாம் பாஸ் என்று முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அரியர் மாணவர்களின் அரசன் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். நம் பையன்களும் ஒட்டினார்கள். அடுத்த வருஷம் உயர் நீதிமன்றம் அதை ஏற்க முடியாது, பரீட்சை வையுங்கள் என்றது. ஒரு ராஜா ஒரே அறிக்கையில் தள்ளுபடி செய்தது காற்றோடு போனது. பாஸாகிவிட்டோம் என்று புத்தகத்தைத் தூக்கிப் போட்டவன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். பாடம் நடத்த வாத்தியாரைப் போடு என்று கேட்க வேண்டிய இடத்தில், பாஸ் போட்டுவிடு என்று கேட்க வைக்கிறார்கள். அது நமக்குப் போட்ட பிச்சை. அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

உயர்கல்விச் சேர்க்கையில் தமிழ்நாடு 47 சதவீதம், இந்தியாவிலேயே முன்னணி என்று மார் தட்டுகிறார்கள். 2021-22 கணக்கெடுப்பின் எண். சந்தோஷம். அது உள்ளே போன தலைகளின் எண்ணிக்கை. உள்ளே போன சேரிப்பிள்ளைகளில் எத்தனை பேர் மூன்றாவது வருஷம் கையில் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், எத்தனை பேர் ஐந்தாவது வருஷம் வந்தார்கள், எத்தனை பேர் வரவே இல்லை? அந்த 47க்குள் இதற்குப் பதில் கிடையாது.

இவ்வளவும் அவர்கள் பக்கத்துப் பாக்கி. இதைச் சொல்லிவிட்டால் நம் வேலை முடிந்ததா? இல்லை. தம்பி, தங்கச்சி, இனி உங்களோடு பேச வேண்டியிருக்கிறது. அதைவிட, உங்களை வைத்து அரசியல் பண்ணுகிறவர்களோடு பேச வேண்டியிருக்கிறது.

அரசாங்கம் பாக்கி வைத்திருக்கிறது என்பதால் நம் பாக்கி தள்ளுபடி ஆகிவிடாது. அவர்கள் வைத்த பாக்கிக்கு வட்டியை நம் வயசிலிருந்து எடுக்கிறார்கள். குரூப் டூ எழுத வேண்டுமா, டிகிரி வேண்டும். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வா, டிகிரி வேண்டும். பி.எட்.டா, டிகிரி வேண்டும். அடுத்த நோட்டிபிகேஷன் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வருகிறபோது உன் கையில் பட்டம் இல்லையென்றால், ஒரே ஒரு பேப்பருக்காக, அந்த இடம் நிரப்பப்படாத இடமாகக் கிடக்கும். தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்று எழுதி வைப்பார்கள். நம் பதினெட்டு சதவீதத்தை அவர்கள் கள்ளத்தனமாகத் திருடுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நாமே கதவைத் திறந்து வைத்துக் கொடுக்கலாமா?

"டிகிரி முடிச்சவன் மட்டும் என்னத்தக் கிழிச்சிட்டான்? அவனும் லோடுக்குத்தான் வாறான்" என்று கேட்பாய். நியாயமான கேள்வி. பட்டம் வாங்கியவனெல்லாம் வேலைக்குப் போய்விட்டான் என்று யாராவது சொன்னால் அவன் பொய் சொல்கிறான். ஆனால் முடித்துவிட்டு லோடுக்குப் போகிறவனுக்கு நாளைக்கு ஒரு வாசல் திறந்தால் உள்ளே நுழைய முடியும். முடிக்காதவனுக்கு வாசல் திறந்தாலும் அது சுவர்தான். காவல் நிலையத்தில், தாலுகா ஆபீஸில், ஊராட்சி அலுவலகத்தில் நம் ஜனங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன் யார்? படிப்பை முடித்தவன்தான். பாதியில் விட்டவன் அங்கே வாசலிலேயே நின்றுவிடுகிறான். அவனுடைய குரலை உடைத்தது அந்த ஒரு பேப்பர்.

பெண்பிள்ளைகளுக்கு இது இன்னும் கொடூரம். அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது. பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். நல்லது. அந்த ஆயிரத்தில் பஸ்ஸுக்கும் நாப்கினுக்கும் அம்மாவிடம் கைநீட்டாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் பையன் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் அது அரியர். பெண் ஒரு செமஸ்டர் தள்ளிப்போனால் கல்யாணம். "படிச்சது போதும்ளா, மாப்ள வீட்டுல கேக்காவ" என்பார்கள். அப்பனுக்கும் அண்ணனுக்கும் சொல்கிறோம்: அவளுடைய ஆறாவது செமஸ்டர் முடியும் வரைக்கும் எந்த மாப்பிள்ளைக்கும் காப்பி கொடுக்காதே.

இனி இயக்கங்களுக்கு. செப்டம்பர் 11ஆம் தேதி இம்மானுவேல் சேகரன் நினைவுநாளுக்குப் பரமக்குடி போக ஊருக்கு ஊர் வேன் பிடிக்கிறோம். போக வேண்டும். தடுத்தாலும் போக வேண்டும். ஆனால் நவம்பரில் செமஸ்டர் வருகிறதே, அதற்கு எந்த அமைப்பு வேன் பிடித்திருக்கிறது? கொடிக்கம்பம் நடப் பையன் வேண்டும். பேனர் கட்டப் பையன் வேண்டும். மறியலுக்கு முன்வரிசையில் பையன் வேண்டும். எப்.ஐ.ஆர். போடும்போது முதல் பத்துப் பேரும் கல்லூரிப் பையன்கள். வழக்கு நிலுவையில் இருந்தால் போலீஸ் வேலை போச்சு. வாய்தாவுக்கும் பரீட்சைக்கும் ஒரே தேதி வந்தால் அரியரும் ஆச்சு. தலைவர்களின் பிள்ளைகள் சென்னையில் நல்ல கல்லூரியில் காலத்தில் படிப்பை முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு வழக்கும் இல்லை, வாய்தாவும் இல்லை. போராடாதே என்று சொல்லவில்லை. வக்கீல் வைக்க முடியாத தலைவன் மாணவனை முன்வரிசையில் நிறுத்தாதே என்கிறோம்.

இன்னொரு கூட்டம் பட்டியலிலிருந்து வெளியேறு என்கிறது. 2021இல் சட்டம் திருத்தி ஏழு பிரிவுகளையும் தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரில் கொண்டுவந்தார்கள். பெயரில் மரியாதை வேண்டும் என்பதில் நமக்குச் சண்டையில்லை. ஆனால் மேடையேறிப் பட்டியல் வெளியேற்றம் பேசுகிறவர் ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும். உப்பளத்துக்காரியின் மகள் மூன்றாவது செமஸ்டரில் இருக்கிறாள். அவள் பட்டியல் சாதி உதவித்தொகையில் படிக்கிறாள். நாலாவது செமஸ்டர் பீஸை நீர் கட்டுவீரா?

சாத்தியமா, இந்த ஜனங்களை வைத்துக்கொண்டு நடக்கிற காரியமா என்று நம்மிலேயே சில பேர் உதட்டைப் பிதுக்குவார்கள். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் பொதுப் பல்கலைக்கழகம் தன் இரண்டு வருஷக் கல்லூரிகளில் 2007இல் ஒரு திட்டம் தொடங்கியது. ஏசாப் என்று பெயர். ஏழைப் பிள்ளைகள், கறுப்பினப் பிள்ளைகள், லத்தீன் அமெரிக்கக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் படிக்கிற கல்லூரிகள். அங்கேயும் இவர்களுக்குப் படிப்பு ஏறாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். என்ன செய்தார்கள்? துண்டு விழுகிற பீஸைக் கட்டினார்கள். புத்தகம் கொடுத்தார்கள். பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் பாஸ் கொடுத்தார்கள். கொஞ்சம் மாணவர்களுக்கு ஓர் ஆலோசகர் என்று வைத்து, இந்த மாசம் ஏன் வரவில்லை என்று கேட்க வைத்தார்கள். இதில் என்ன மந்திரம் இருக்கிறது? சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல மாணவர்களை இரண்டாகப் பிரித்துச் சோதித்துப் பார்த்தார்கள். மூன்று வருஷத்தில் திட்டத்துக்கு வெளியே இருந்தவர்களில் நூற்றுக்கு 22 பேர் முடித்தார்கள். திட்டத்தில் இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேர் முடித்தார்கள். அதே ஏழை, அதே மூளை. பஸ் பாஸும் புத்தகமும் கேட்க ஒரு ஆளும்தான் கூட.

கேட்க ஒரு ஆள். அந்த ஆளாக நாம் இருக்க முடியாதா? ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போடுங்கள். நம் தெருவில் யார் யார் எந்தக் கல்லூரி, எந்த செமஸ்டர், எந்தப் பேப்பர் பாக்கி, உதவித்தொகைக்கு மனுப் போட்டாச்சா, வந்தாச்சா என்று எழுதுங்கள். அந்தப் பேப்பரை ஏற்கெனவே பாஸான அக்காவோ அண்ணனோ பக்கத்துத் தெருவில் கட்டாயம் இருப்பார். சாயங்காலம் இரண்டு மணி நேரம் சமுதாயக் கூடத்தில் உட்காரச் சொல்லுங்கள். நோட்டீஸில் பேர் போடச் சண்டை பிடிக்கிற சர்க்கார் உத்தியோகஸ்தர் யாராவது இருந்தால், அவரிடம் ஒரு பேப்பருக்கான தேர்வுக் கட்டணத்தைக் கேளுங்கள். அகவிலைப்படி அரியர் வாங்குகிற கைக்கு இந்த அரியரைத் தீர்க்கவும் கடமை உண்டு. அம்மன் கொடைக்கு வரி பிரிக்கிறோம். வில்லுப்பாட்டு, மைக்செட், வாணவேடிக்கை. ஒரு வாணவேடிக்கைச் செலவில் எத்தனை பேருக்குப் பரீட்சைப் பணம் கட்டலாம் என்று கணக்குப் போடுங்கள். அம்மன் கோவிக்க மாட்டாள்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதைத் தெளிவாகக் கேட்போம். கல்லூரி திறக்கிற மாசத்திலேயே உதவித்தொகை வர வேண்டும். உதவித்தொகை வரவில்லை என்ற காரணத்துக்காக எந்தக் கல்லூரியும் ஹால் டிக்கெட்டையோ சான்றிதழையோ நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அதை வன்கொடுமையாகக் கருதி நடவடிக்கை வேண்டும். தலித், பழங்குடி மாணவர்களுக்கு மறுதேர்வுக் கட்டணமும் விடைத்தாள் நகல் கட்டணமும் கூடாது. பேராசிரியர் இல்லாத பாடத்தில் பெயிலாக்க யாருக்கும் உரிமையில்லை. பரீட்சை நாட்களில் நம் ஊர் பஸ் வழித்தடங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் உட்பட ஒவ்வொரு பல்கலைக்கழகமும் வருஷா வருஷம், கல்லூரி வாரியாக, துறை வாரியாக, சாதி வாரியாக, சேர்ந்தவர் எத்தனை, காலத்தில் முடித்தவர் எத்தனை என்று பட்டியல் வெளியிட வேண்டும். அந்தப் பட்டியல் வெளியானால் எந்தத் துறையில் நம் பிள்ளைகள் மட்டும் கூட்டமாக விழுகிறார்கள், எந்தப் பேனா அவர்களைத் தள்ளுகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் தானாகத் தர மாட்டார்கள். தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டிக் கேளுங்கள். மாணவர் அமைப்புகள் இதை இந்த வருஷமே செய்யலாம்.

தம்பி, உன்னிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த செமஸ்டருக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்று இன்றைக்கே போய்ப் பார். எத்தனை பேப்பர் பாக்கி என்று சிரித்துக்கொண்டு சொல்லாதே. பேப்பர் பெயரைச் சொல். எது புரியவில்லை என்று சொல். கட்டப் பணமில்லை என்றால் அதையும் சத்தமாகச் சொல், அதில் உனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. உனக்கு வர வேண்டிய பாக்கியை நாம் எல்லோரும் சேர்ந்து தெருவில் நின்று கேட்போம். நீ எழுத வேண்டியதை நீதான் எழுத வேண்டும். அதை இந்தத் தடவையே எழுதி முடி.